பச்சைத்துணி கட்டிய மரக்கன்றுகள்

எனக்குக் கோபம் மூக்கு மேல் என்று என் மனைவி சொல்வாள். சொல்வது சரிதான். ஆனால் அது எதற்கு வரும் என்பதையும் அவள் சேர்த்துச் சொல்லவேண்டும். குழம்பில் உப்பு குறைந்தால் எனக்குக் கோபம் வராது. எண்ணைத் தப்பாகச் சொன்னால் வரும். யாராவது ‘ஏறக்குறைய’, ‘கிட்டத்தட்ட’ என்று இழுத்தால் இன்றைக்கும் காது சூடாகிவிடும். காட்டிலாகாவில் மரக்கன்று அளந்த காலத்தில் பிடித்த வியாதி இது.

ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்த சமயம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ரயில் வர இன்னும் எத்தனையோ வருஷம் இருந்தது. விடியற்காலை பஜ்ரு தொழுகையை முடித்துவிட்டு, சோற்று மூட்டையும் மூங்கில் அளவுகோலும் மெழுகுத்துணியில் சுற்றிய பதிவேடுமாக நடக்க ஆரம்பித்தால், வெயில் ஏறுவதற்குள் மம்சாபுரத்தைத் தாண்டி மலையடிவாரத்துக்குப் போய்விடுவேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். முழங்கால் வலி என்றால் என்னவென்று தெரியாது.

நான் வேலை பார்த்த சரிவு முழுக்காடும் இல்லை, வெறும் புல்வெளியும் இல்லை. மரங்கள் ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளி நிற்கும். வேங்கை, கடுக்காய், நெல்லி, அங்கங்கே ஒரு மருது. இடையில் எல்லாம் புல். மழைக்காலத்தில் போதைப்புல் ஆளுயரம் வளர்ந்து, கால் பட்டாலே வாசனை தூக்கும். வேட்டியில் ஏறிய அந்த வாசனை வீடு வரைக்கும் வரும். மாசி மாதம் மாட்டுக்காரர்கள் காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பார்கள். சரிவு கறுத்துக் கிடக்கும். பத்து நாள் கழித்துப் போனால் கரிக்குள்ளிருந்து பச்சை எட்டிப் பார்க்கும். திரும்பி நின்றால் கீழே வயல்களுக்கு அப்பால் கோபுரம் சின்னதாகத் தெரியும். அந்த இடத்தில் நின்று நான் சாப்பிட்ட பழைய சோற்றுக்கு ஈடாக எந்த விருந்தும் எனக்கு அமைந்ததில்லை.

மாடும் தீயும் சேர்ந்து காட்டை அழிக்கின்றன என்பது எங்கள் வெள்ளைக்காரத் துரையின் எண்ணம். ஆனால் எண்ணத்தை மட்டும் நம்பி உத்தரவு போடுகிற மனிதர் இல்லை அவர். பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டும் என்பார். அதற்காக ஓடையின் இரண்டு பக்கத்திலும் ஒரே அளவில் இரண்டு துண்டு நிலம் ஒதுக்கினார். ஓடைக்கு வடக்கே இருந்தது மூடிய துண்டு. இடுப்புயரம் கல் அடுக்கி, மேலே முள் வைத்து, சுற்றிலும் புல்லைச் செதுக்கிவிட்டோம். மாடு கிடையாது, அரிவாள் கிடையாது, தீ கிடையாது. தெற்கே இருந்தது திறந்த துண்டு. அதற்கு வேலி இல்லை. எப்போதும் போல மாடு மேயலாம், விறகு வெட்டலாம், தீ வைக்கலாம். இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் இளம் மரக்கன்றுகளைத் தேர்ந்து எண் கொடுத்தோம். மாதம் ஒருமுறை எது உயிரோடு இருக்கிறது, எவ்வளவு உயரம், எவ்வளவு பருமன் என்று அளந்து எழுதுவது என் வேலை.

இது ஐந்து வருஷத்து ஏற்பாடு. முடிவில் திறந்த துண்டில் மரக்கன்றுகள் அழிந்திருந்தால், சரிவு முழுவதையும் மாட்டுக்கு மூடிவிடுவார்கள். தழைத்திருந்தால், ஊர்க்காரர்கள் முன்போலவே மேய்ச்சல் பாஸ் வாங்கி மாட்டை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் இது ஊருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அவர்கள் நடக்கிறபடி நடக்கமாட்டார்கள் அல்லவா?

“இதனை நீர் ஒருவரிடத்திலும் உரைக்கலாகாது” என்றார் துரை. முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவர். ஊரில் யாரும் பேசாத தமிழ் அவருடையது.

முதலில் மரக்கன்றுகளுக்கு எண் அடித்த தகர வில்லைகளைக் கம்பியில் கோத்துக் கட்டினோம். அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் திறந்த துண்டில் ஒரு வில்லைகூட இல்லை. நான் கத்திக்கொண்டே சரிவில் இறங்கி வந்தால், எதிரே ஒரு கன்றுக்குட்டி கழுத்தில் என் வில்லைகள் இரண்டு ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று வருகின்றன. பின்னாலேயே மாட்டுக்காரி வந்தாள்.

அவளைப் பற்றிச் சொல்லவேண்டும். மம்சாபுரத்துக்காரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். புருஷன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா பக்கம் போனவன், திரும்பவில்லை. அவன் விட்டுப்போன மலைமாடு அத்தனையையும் அவள்தான் கட்டி மேய்த்தாள். மழைக்காலத்தில் மலை, அறுப்பு முடிந்தால் ராஜபாளையத்து வயல்களில் கிடை என்று வருஷம் முழுவதும் மாட்டின் பின்னாலேயே இருப்பாள். யாருக்கும் பயப்படாத வாய்.

“நம்பர் போட்டு அழகா இருந்துச்சு ராவுத்தரே. குட்டி காணாமப் போனா அடையாளத்துக்கு ஆச்சுன்னு கட்டுனேன்” என்றாள், கொஞ்சமும் கூசாமல்.

“அது சர்க்கார் சொத்து அக்கா!”

“அப்ப கொம்புல கட்டுதேன். கழுத்துல கட்டுனாத்தான குத்தம்?”

நான் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன்.

தகரம் வேண்டாம், துணி கட்டலாம் என்று தோன்றியது. துணியை யார் எடுக்கப் போகிறார்கள்? ராஜபாளையத்தில் என் அண்ணன் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அங்கே விலைபோகாமல் ஒரு பீஸ் பச்சைத்துணி மடிப்பில் வெளுத்துக் கிடந்தது. இனாமாகக் கொடுத்தார். வண்ணார் வீட்டில் கொடுத்து, துணிக்குக் குறி போடுகிற சேங்கொட்டைப் பாலால் எண் எழுதி வாங்கினேன். என்ன துவைத்தாலும் போகாத கறை அது, மழைக்கு அசையாது. என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

என் மனைவி அதை நாடா நாடாவாகக் கிழித்துக்கொண்டே கேட்டாள். “ஏங்க, பச்சையவா மரத்துல கட்டப்போறீக? யாராச்சும் தப்பா நெனைக்கப் போறாக.”

“மரத்துக்குத் துணி கட்டுனா யாரு என்ன நெனைக்கப் போறா? கிழிக்கதக் கிழி” என்றேன்.

அவள் கிழித்துக் கொடுத்தாள். என் வாழ்க்கையில் அவள் பேச்சைக் கேட்காமல் நான் பட்டவற்றை எழுத ஆரம்பித்தால் அதற்குத் தனிப் பதிவேடு வேண்டும்.

பச்சைத்துணி கட்டிய பிறகு ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. நான் மாதாமாதம் போனேன். ஒவ்வொரு மரக்கன்றின் முன்னாலும் மண்டியிட்டு உட்கார்ந்து, அடியில் அளவுநாடா சுற்றி, கோலை நிறுத்தி, அளவை வாய்விட்டு முணுமுணுத்துப் பிறகு எழுதுவேன். வாய்விட்டுச் சொன்னால்தான் எனக்கு எண் தப்பாது. உச்சிப்பொழுதில் ஓடையில் கைகால் கழுவி, திறந்த துண்டில் இருந்த கடுக்காய் மரத்து நிழலில் துண்டை விரித்து லுஹர் தொழுவேன். நிழல் அங்கேதான் நன்றாக இருக்கும், வேறொரு காரணமும் இல்லை.

ஒரு வருஷம் போயிற்று, இரண்டு போயிற்று. திறந்த துண்டில் மரக்கன்றுகள் சாகவேண்டும், சாகவில்லை. வேங்கைத் தழை என்றால் மாடு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரும். ஆனால் என் வேங்கைகள் தளதளவென்று நின்றன. மிளாமான் கடித்தது ஒன்றிரண்டு, கரையான் தின்றது ஒன்றிரண்டு. தீ வந்து போன மாசியிலும் அடிகூடக் கருகவில்லை. மூடிய துண்டுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மறுபடி மறுபடி அளந்தேன். எண்கள் அதேதான். துரை பதிவேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “விந்தையாயிருக்கிறது” என்பார்.

ஐந்தாம் வருஷம், தீ வைத்து முடிந்த ஒரு மாசிக் காலையில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. முந்தின நாள் அளந்துவிட்டு அளவுநாடாவைக் கடுக்காய் மரத்தடியில் மறந்து வைத்துவிட்டேன். எடுக்கப் போனேன். நான் வராத நாள் என்பதால் யாரும் என்னை எதிர்பார்க்கவில்லை.

மாட்டுக்காரியின் மாடுகள் சரிவில் ஏறிக்கொண்டிருந்தன. திறந்த துண்டுக்குப் பத்தடி முன்னால் வந்ததும் அவள் குச்சியை நீட்டினாள். மாடுகள் பழக்கப்பட்டவைபோல இரண்டாகப் பிரிந்து, துண்டைச் சுற்றிக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்துகொண்டன. அவள் செருப்பைக் கழற்றினாள். கடுக்காய் மரத்தைப் பார்த்துக் கும்பிட்டு, கொஞ்சம் மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். கிட்டப் போய்ப் பார்த்தேன். மரத்தடியில் இலையில் சர்க்கரை வைத்திருந்தது. துண்டைச் சுற்றி ஒரு புல்கூட இல்லாமல் அகலமாகக் கூட்டி, தீ உள்ளே வராதபடி செய்திருந்தார்கள். நாங்கள் மூடிய துண்டுக்குச் செய்ததைவிடச் சுத்தமாக இருந்தது. அது இயல்பாகவே கருகாத இடம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்த என் புத்தியை என்னவென்று சொல்வது?

“என்ன அக்கா இது?”

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். பிறகு தாழ்ந்த குரலில், “ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன் ராவுத்தரே. இங்க அடங்கியிருக்க அவுலியா பேரு என்ன? எங்களுக்குச் சொல்லப்படாதா?” என்றாள்.

“எந்த அவுலியா?” என்றேன்.

“தர்காவுல கட்டுத மாதிரி நீங்க பச்ச கட்டினீக. மாசாமாசம் வந்து ஒவ்வொண்ணு முன்னாலயும் முட்டி போட்டு ஓதுதீக. மரத்தடியில தொழுதீக. பெரியவுக அடங்கியிருக்க எடம்னு எங்களுக்குத் தெரியாதா? ஊரே இதுக்குள்ள மாட்ட விடுறதில்ல, குச்சி ஒடிக்கிறதில்ல. என் பசு ஒண்ணு எந்திரிக்காமக் கெடந்தப்ப இங்கதான் நேர்ந்துக்கிட்டேன். எந்திரிச்சிருச்சு.”

“ஓதல அக்கா! எண்ணுதேன். அளக்கேன். அம்புட்டுதான். இங்க யாரும் அடங்கல.” எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை. ஐந்து வருஷத்து வேலை என் கண்முன்னால் மண்ணாகிப் போனதை அப்போதுதான் உணர்ந்தேன். இல்லாத அவுலியாவுக்கு என் கையாலேயே கொடி கட்டியிருக்கிறேன். ஆத்திரத்தில், துரை உரைக்கலாகாது என்றதையெல்லாம் உரைத்துவிட்டேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். “அப்ப, இந்த மரக்கன்னு நல்லா இருந்தா எங்க மாட்டுக்கு மல உண்டு. செத்துச்சுன்னா இல்ல. அப்படித்தான?”

“அப்படித்தான்.”

கொஞ்ச நேரம் மரக்கன்றுகளைப் பார்த்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். “அப்ப அவுலியா இருக்காரு” என்றாள்.

போகும்போது என் கிட்டே வந்து, சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள்: “மல இல்லன்னா என் மாட்ட நான் எங்க கொண்டு போவேன்? நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். வாய மூடிக்கிட்டு எண்ணுங்க. அம்புட்டுதான் கேக்கேன்.”

ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சோறு இறங்கவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னேன். ‘நான் அன்றைக்கே சொன்னேனே’ என்று அவள் சொல்லவில்லை. அதுவே பெரிய உபகாரம். “அந்தப் பொம்பளைக்கு மாட்ட விட்டா வேற என்ன இருக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

பங்குனியில் துரை கூடாரம் அடித்து உட்கார்ந்து முடிவை எழுதினார். என்னைக் கூப்பிட்டு, மாட்டினால் மரக்கன்றுக்குக் கேடில்லை, சரிவைத் திறந்தே வைக்கலாம் என்று மேலே எழுதப்போவதாகச் சொன்னார். “என் எண்ணம் பிழையாயிற்று. ஆயினும் உம்முடைய எண்களை நான் நம்புகிறேன்” என்றார்.

அவர் திட்டியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். நம்புகிறேன் என்று சொல்லவும் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என் எண் ஒவ்வொன்றும் சரி, ஆனால் மொத்தமும் பொய் என்று சொன்னேன்.

துரை பேனாவைக் கீழே வைத்தார். “ஐந்து வருஷம்” என்றார். எழுதிய தாள்களை எடுத்து நடுவில் கிழித்தார். அவர் என்னைக் கோபிக்கவில்லை. ஆனால் திறந்து வைக்க ஆதாரம் ஒன்றும் இல்லாததால் அவருடைய பழைய எண்ணமே உத்தரவாயிற்று. சரிவு முழுவதும் ரிசர்வு, மாடு ஏறக்கூடாது, ஆள் நுழைந்தாலே குற்றம்.

மம்சாபுரத்தில் தமுக்கு அடித்துச் சொன்ன அன்றைக்கு நோட்டீசை ஒட்டியவன் நான். மாட்டுக்காரி கூட்டத்தில் நின்றாள். அவள் என்னை மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அதற்கு நான் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் கிட்டே வந்து, “நீங்க சொன்னது நெசந்தான? நெசத்தச் சொன்னதுக்கு உங்கள என்னன்னு வைய?” என்றாள். பிறகு போய்விட்டாள். வைதிருக்கலாம்.

அந்த வருஷமே அவள் மாடுகளை ராஜபாளையத்திலும் சேத்தூரிலும் விற்றுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். ஒரு பசுவை மட்டும் வைத்துக்கொண்டாளாம். நான் பாதையை மாற்றி, ஊருக்குள் நுழையாமல் சுற்றிப் போகப் பழகிக்கொண்டேன். இரண்டு துண்டையும் அளக்கிற வேலையைத் துரை நிறுத்தவில்லை. மாதம்தோறும் போகாமல் வருஷத்துக்கு ஒருமுறை போனால் போதும் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

மாடு ஏறாத சரிவில் புல்லைக் கேட்பாரில்லை. முதல் வருஷம் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது. இரண்டாம் வருஷம் பழைய காய்ந்த புல்லின் மேலேயே புதுப் புல் விழுந்து மெத்தை மெத்தையாகக் கிடந்தது. மூன்றாம் வருஷம் மாசியில் தீப் பிடித்தது. யார் வைத்தார்கள் என்று தெரியாது. முன்பெல்லாம் பார்த்த தீ இடுப்புயரம் வந்து அடங்கிவிடும். இந்தத் தீ மரத்தின் கிளையைப் பிடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டு வாசலில் சாம்பல் விழுந்தது.

தீ அணைந்த பிறகு போனேன். மூடிய துண்டில் கற்கள் வெடித்துக் கிடந்தன. நாங்கள் செதுக்கிய இடத்தைத் தாண்டித் தீ உள்ளே விழுந்திருந்தது. எட்டு வருஷம் கைக்குழந்தையைப் போல வைத்திருந்த மரக்கன்றுகளில் ஒன்றுகூட இல்லை. கோலை ஊன்றிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஓடைக்கு அந்தப் பக்கம் போக மனசே வரவில்லை.

கடைசியில் போனேன். கறுப்புச் சரிவின் நடுவே திறந்த துண்டு அப்படியே இருந்தது. என் வேங்கைகள் ஆளுயரத்துக்கு மேல் நின்றன. சுற்றிலும் முன்னைவிட அகலமாகக் கூட்டியிருந்தது. உள்ளேயும் புல்லை ஒட்ட அறுத்திருந்தார்கள். கடுக்காய் மரத்தடியில், ஈந்து மட்டை விளக்குமாறும் அரிவாளும் ஒரு கட்டுப் புல்லுமாக மாட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். ரிசர்வுக்குள் அரிவாளோடு ஆள். நான் பிடித்துக் கொடுக்கவேண்டிய குற்றம்.

“பசுவுக்குப் புல்லு அறுத்தேன்” என்றாள், நான் கேட்காமலே.

“கூட்டுனது?”

அவள் விளக்குமாற்றை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

“அவுலியா இல்லன்னு அன்னிக்கே சொன்னேனே அக்கா.”

“சொன்னீக. அவரு இல்லன்னா என்ன? அம்புட்டு வருசம் பாத்து வளத்த கன்னுக. எரியட்டும்னு விட மனசு வருமா?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைத்துக்கொள்ளக் கோலையும் நாடாவையும் எடுத்தேன். முதல் வேங்கையின் முன்னால் மண்டியிட்டேன். வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு அளந்தேன்.

“வாய்விட்டு எண்ணுங்க தம்பி. கேட்டு ரொம்ப நாளாச்சு” என்றாள்.

அத்தனை வருஷத்தில் என்னை அவள் தம்பி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். நான் வாய்விட்டு எண்ணினேன். கடைசி மரக்கன்று வரைக்கும் அவள் இருந்து கேட்டுவிட்டு, புல்லுக்கட்டைத் தூக்கிவிடச் சொன்னாள். தூக்கிவிட்டேன். காட்டிலாகா ஊழியன் ரிசர்வுப் புல்லைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டான் என்றால் அன்றைக்கே என் வேலை போயிருக்கும்.

பதிவேட்டில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. திறந்த துண்டு எரியாததற்குக் காரணம் எழுதவேண்டும். எழுதினால் அவள் கோர்ட்டு கச்சேரி ஏறவேண்டி வரும். ‘தெரியவில்லை’ என்று எழுதினேன். துரை அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். “மெய்யாகவே தெரியாதா?” என்றார். தெரியாது என்றேன். அவர் நம்பினார். அந்தப் பதிவேட்டில் நான் எழுதிய பொய் அது ஒன்றுதான்.

அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று ரொம்ப நாள் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அவள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் கழித்து, வயதான பிறகுதான் இன்னொன்று உறைத்தது. புல்லை அறுத்து, சுற்றிலும் கூட்டி வைத்தால் காடு பிழைக்கிறது, யாரும் நுழையாமல் மூடி வைத்தால் எரிகிறது என்று துரை அத்தனை வருஷம் தேடிய விடை அந்தக் கட்டத்துக்குள்தான் இருந்தது. அவள் பேரைச் சொல்லாமலாவது அதை எழுதியிருக்கலாம். பயத்தில் எனக்கு அது தோன்றவில்லை. எழுதியிருந்தால் அவளுடைய மாடுகள் மறுபடியும் மலை ஏறியிருக்குமா? தெரியவில்லை. இந்தத் தடவை அது பொய் இல்லை.